தேவனுடைய ராஜ்யத்த செத்தவீட்டில மட்டும் பேசாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட ஞாயிறு பேப்பர்ல வாசகர் கடிதத்தில ஒரு அண்ணன் எழுதியிருந்தார், கிறிஸ்தவ ஆக்கள் பரலோகம் பரலோகம் எண்டு மேல பாத்துட்டே இருக்கிறாங்க, இஞ்ச கீழ இருக்கிற கடன், வேலையில்லாத பொடியன்கள், ஐஸ் எண்ட போதைப்பொருள் பிரச்சினை ஒண்டும் அவங்கட கண்ணுக்குத் தெரியிறல்ல எண்டு. கோவத்தோட எழுதின கடிதம்தான், ஆனா அந்தக் கோவத்தில நியாயம் இருக்கு. நான் மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் ஒரு மெதடிஸ்த குடும்பத்தில பிறந்து வளந்தவ, இண்டைக்கும் ஞாயிறு தவறாம சேர்ச்சுக்குப் போறவ, அதனால உள்ளுக்க இருக்கிற ஒரு ஆள் பதில் சொல்லத்தான் வேணும் எண்டு பட்டிச்சு. அந்த அண்ணன் சொல்லுற குறை நம்மட பிரசங்கங்கள்ல இருக்கு, இயேசு பேசின பேச்சில அது இல்ல. கொஞ்சம் நீளமா எழுதுறன், இடம் இருந்தா வெட்டாமப் போடுங்க.

நம்மட பக்கம் தேவனுடைய ராஜ்யம், பரலோகராஜ்யம் எண்ட சொல்லெல்லாம் கூடுதலா எங்க கேக்கிறம் எண்டு யோசிச்சுப் பாருங்க. செத்தவீட்டிலதான். முற்றத்தில பந்தல் போட்டு, வாடகைக் கதிரையெல்லாம் அடுக்கி, ஸ்பீக்கர் கட்டி, பெட்டிக்குத் தலைமாட்டில நிண்டு பாஸ்டரோ பாதரோ சொல்லுவார், இவ இப்ப ராஜ்யத்துக்குள்ள போயிட்டா, நாமளும் ஒருநாள் அங்க போய்ச் சேருவம் எண்டு. அந்த ஆறுதல் வேணும், அத நான் ஒருநாளும் குறைச்சுச் சொல்ல மாட்டன், எங்கட பெத்தாவ அடக்கம் பண்ணேக்க அந்த வார்த்தையப் பிடிச்சித்தான் எங்கட அம்மா எழும்பி நிண்டவ. ஆனா அங்க மட்டுமே கேட்டுக் கேட்டு, ராஜ்யம் எண்டா செத்தப்பிறகு போற ஒரு ஊர், அதுக்கு முதல் நமக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்ல எண்டு சனம் முடிவே எடுத்துட்டுது. சின்னப் பிள்ளையள்ட்ட கேட்டாலும் வானத்தத்தான் கையால காட்டுதுகள்.

இயேசு இதப் பேசத் தொடங்கின நேரத்தப் பாருங்க. மாற்கு முதலாம் அதிகாரத்தில யோவான் ஸ்நானகன பிடிச்சு காவல்ல போட்டுட்டாங்க, மேல ரோம ஆட்சி, கலிலேயாவில ஏரோது, வரி கட்டிக் கட்டி சனம் நொந்து போய்க் கிடக்கு, அந்த நேரத்தில வந்து நிண்டு "காலம் நிறைவேறிற்று, தேவனுடைய ராஜ்யம் சமீபமாயிற்று" எண்டு சொல்லுறார். நல்ல காலம் வரட்டும், மறுகா பாப்பம் எண்டு சொல்லல்ல. அடுத்த வசனத்திலயே அவர் கடல் ஓரமா நடந்து போய், வலை போட்டுட்டு நிண்ட சீமோனையும் அந்திரேயாவையும் கூப்பிடுறார், அவங்க உடனயே வலைகள விட்டுட்டுப் பின்னால போறாங்க. செத்தப்பிறகு கிடைக்கப்போற ஒண்டுக்காக வேலைநாள்ல ஒரு மீன்பிடிகாரன் வலைய விட்டுட்டுப் போவானா? மறுகா நாசரேத்தில ஏசாயா தீர்க்கதரிசியின்ட புத்தகத்த வாசிச்சு மூடிட்டு, தரித்திரருக்கு நற்செய்தி, சிறைப்பட்டவங்களுக்கு விடுதலை எண்ட அந்த வாக்கியம் "இன்றையத்தினம்" நிறைவேறிற்று எண்டார். பரிசேயர் வந்து ராஜ்யம் எப்ப வரும் எண்டு திகதி கேட்டாங்க, அவர் திகதி சொல்லல்ல, அது உங்களுக்குள் இருக்கிறதே எண்டார், லூக்கா 17ல இருக்கு. தேவனுடைய ஆவியால நான் பிசாசுகளத் துரத்துறன் எண்டா ராஜ்யம் உங்களிடத்தில் வந்திருக்கிறதே எண்டு மத்தேயு 12ல சொல்லுறார். அப்போஸ்தலர் பவுல் கொலோசெ ஊர்ச் சபைக்கு எழுதேக்க, இருளின்ட அதிகாரத்தில இருந்து நம்மள எடுத்து குமாரனுடைய ராஜ்யத்துக்கு உட்படுத்தினவர் எண்டு முடிஞ்ச காரியமாத்தான் எழுதுறார், இனி உட்படுத்துவார் எண்டு எழுதல்ல.

இதெல்லாம் நானாக் கண்டுபிடிச்ச புதுப் போதனை எண்டு ஆரும் நினைச்சிடாதீங்க. சி.எச். டொட் எண்ட வேத அறிஞர் 1930களிலயே, இயேசுவின்ட ஊழியத்தில ராஜ்யம் வந்தே விட்டுது எண்டு அழுத்தமா எழுதினவர். அவருக்குப் பிறகு வந்த ஜோர்ஜ் எல்டன் லாட் மாதிரி ஆக்கள், வந்தது உண்மை ஆனா முழுசா முடியிறது இனித்தான், ரெண்டையும் சேத்துப் பிடிக்கவேணும் எண்டு சொன்னாங்க, எனக்கும் அதுதான் சரியாப் படுது. கத்தோலிக்க ஆக்கள் 1965ல முடிஞ்ச ரெண்டாம் வத்திக்கான் சங்கத்தின்ட ஏட்ட எடுத்துப் பாருங்க, தேவனுடைய அரசு மறைபொருளா இந்தப் பூமியில இப்பவே இருக்கு, ஆண்டவர் வரேக்க அது நிறைவாகும் எண்டு அதில கிடக்கு. அதோட, புது உலகத்த எதிர்பாத்து இருக்கிறம் எண்டதால இந்த உலகத்தில இருக்கிற அக்கறை குறையக் கூடாது, கூடத்தான் வேணும் எண்டும் அதே இடத்தில சொல்லியிருக்கு. அந்த அண்ணன்ட கடிதத்துக்கு இதவிட நேரான பதில் எனக்குத் தெரியா.

சரி, இப்பவே இருக்கு எண்டா எங்க இருக்கு, எப்பிடி உணருறது? இதத்தான் ஆக்கள் கேக்கிறாங்க. ரோமர் 14ஆம் அதிகாரத்தில ஒரு வசனம் கிடக்கு, தேவனுடைய ராஜ்யம் புசிப்பும் குடிப்புமல்ல, அது நீதியும் சமாதானமும் பரிசுத்த ஆவியினாலுண்டாகும் சந்தோஷமுமாயிருக்கிறது எண்டு. இத காலண்டர்ல போடுவாங்க, சுவரில மாட்டுவாங்க, ஆனா அது என்ன சண்டைக்க நிண்டு எழுதினது எண்டு பாக்கிறவங்க குறைவு. ரோமாபுரி சபையில ஒரு பகுதி எல்லாம் சாப்பிடுது, மற்றப் பகுதி மரக்கறி மட்டும் சாப்பிடுது, இவங்க அவங்களக் கேவலமாப் பாக்கிறாங்க, அவங்க இவங்களக் குற்றவாளி எண்டு தீர்க்கிறாங்க. நம்மட ஊர்ல இது புதுசா? தைப்பொங்கலுக்குப் பக்கத்து வீட்டு இந்து மாமி மதில் மேலால பொங்கலும் வாழைப்பழமும் நீட்டுறா, அத வாங்குறதா வேணாமா எண்டு எத்தின விசுவாசி வீட்டில ரகளை நடக்குது தெரியுமா. வாங்கினவ விசுவாசத்த விட்டு விலகின பின்மாற்றக்காரி, வாங்காதவ அகங்காரி. சபை மாறின மருமகளும் சபை மாறாத மாமியும் ஒரு குசினிக்குள்ள ரெண்டு அடுப்பு வச்சு சமைக்கிறதையும் நான் பாத்திருக்கிறன். பவுல் அந்த இடத்தில ரெண்டு பக்கத்துக்கும் சொல்லுறார், உன்ட மனச்சாட்சிப்படி நீ நட, ஆனா சாப்பாட்டுக்காக உன்ட சகோதரன அழிச்சுப் போடாத எண்டு. அப்ப ராஜ்யம் அந்தக் குசினிக்க வந்துட்டுதா எண்டு எதால அறியிறது? அந்த ரெண்டு பொம்புளையளும் ஒராளின்ட முகத்த ஒராள் பாத்துக் கதைக்கிறாங்களா, அவவுக்குக் காய்ச்சல் எண்டா இவ கஞ்சி வச்சுக் கொடுக்கிறாவா, அதாலதான். நீதி, சமாதானம், சந்தோஷம். மூண்டும் இண்டைக்கே பாக்கக்கூடிய விசயங்கள், ஒண்டுக்கும் சாகத் தேவையில்ல.

வாவிக்கு அங்கால படுவான்கரைப் பக்கம் ஒரு ஊர்ல பொம்புளையள் கிழமைக்கு ஒருநாள் கூடி ஜெபிக்கிற ஒரு சின்னக் கூட்டத்துக்கு நானும் போறனான். ஊர்ப் பேரும் ஆக்கள்ட பேரும் போடல்ல, அவங்களுக்கு வெக்கமா இருக்கும். அந்தக் கூட்டத்துக்கு ஒழுங்கா வந்த ஒரு தங்கச்சி திடீரெண்டு வராம விட்டுட்டா. காரணம் லோன். இந்தக் குழுக்கடன் எப்பிடி எண்டு ஊராக்களுக்குத் தெரியும், அஞ்சாறு பொம்புளையளச் சேத்து ஒராளுக்கொராள் பிணை நிக்க வச்சுக் கொடுப்பாங்க, ஒராள் கட்டாட்டி மத்தாக்கள்ட தலையில விழும், அதால அறவிட வாறவன் பெரிசா ஏசத் தேவையில்ல, அயலட்டப் பொம்புளையளே ஏசுவாங்க. அந்தப் புள்ளைய ஏசினதும் ஜெபக்கூட்டத்தில பக்கத்தில முழங்கால் போட்டிருந்த ஆக்கள்தான். காசு எடுக்க வாறவர் மோட்டார்சைக்கிள முற்றத்தில நிப்பாட்டிட்டு, பிளாஸ்டிக் கதிரைய மாமரத்துக்குக் கீழ இழுத்துப் போட்டு, பொலித்தீன் பைக்குள்ள சுத்தின ரெஜிஸ்டர மடியில வச்சிட்டு, பொழுது படும்வரைக்கும் அசையாம இருப்பாராம். அவ குசினிக் கிடுகுக்குப் பின்னால, கைக்குழந்தை அழுது காட்டிக் கொடுத்திடும் எண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்துட்டே குந்தி இருப்பாவாம். இத அவவே பிறகு சொன்னவ.

அதுக்குப் பிறகு நடந்தது என்னெண்டா, கூட்டத்தில மூத்த ஒரு அக்கா, எழுத வாசிக்கக் கூட வடிவாத் தெரியாதவ, ஒருநாள் கர்த்தருடைய ஜெபம் சொல்லிட்டு வரேக்க இடையில நிப்பாட்டிட்டா. "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" எண்ட இடம். நாம அந்தப் புள்ளைய ஏசிப்போட்டு வந்து இத எப்பிடிக்கா சொல்லுற எண்டு கேட்டா. ஒருத்தரும் வாய் திறக்கல்ல. மறுகா அவவே சொன்னா, சீட்டு ஒண்டு போடுவம், முதல் சீட்டு அவவுக்குக் கொடுப்பம், கழிவு எடுக்கிறல்ல எண்டு. ஒராள் கோழி வித்தா, ஒராள் வெள்ளாமை வெட்டின கூலியில இருந்து தந்தா, வெளிநாட்டில மகள் இருக்கிற ஒராள் கொஞ்சம் கூடப் போட்டா. கடன் ஒரேயடியா முடியல்ல, ஆனா அந்தக் கதிரை மாமரத்தடிக்கு வாறது நிண்டுட்டுது, அந்தத் தங்கச்சி இப்ப பிள்ளையோட முன்வரிசைப் பாயில இருக்கிறா. நான் எத்தினையோ கொன்வென்ஷனுக்குப் போயிருக்கிறன், பெரிய பெரிய பாட்டுக் குழு, விளக்கெல்லாம் பாத்திருக்கிறன், அங்கயும் கர்த்தர் இருக்கிறார்தான், ஆனா தேவனுடைய ராஜ்யம் உங்களிடத்தில் வந்திருக்கிறதே எண்ட வசனம் எனக்கு விளங்கினது அந்தப் பாயில.

சகேயு கதையும் இதுதானே. வரி அறவிடுற தலைவன், அநியாயமா எடுத்த காசு, இயேசு அவன்ட வீட்டுக்குப் போறார், அவன் எழும்பி நிண்டு ஆஸ்தியில பாதிய ஏழைகளுக்குக் கொடுக்கிறன், அநியாயமா வாங்கினத நாலத்தனையாத் திருப்பிக் கொடுக்கிறன் எண்டு சொல்லுறான். அப்ப இயேசு, இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது எண்டார். கொடுக்கல் வாங்கல் சரியாகுற இடத்தில, அண்டைக்கே. நம்மட சபைகள்ல வட்டிக்குக் கொடுக்கிறவங்க இருக்கிறாங்க, வயல்ல வேலை வாங்கிப்போட்டு கூலியப் பிறகு பாப்பம் எண்டு சொல்லுற வயல் முதலாளி போடியார்மாரும் இருக்கிறாங்க, முன்வரிசையில இருக்கிறாங்க. திராட்சத்தோட்டக்காரன் உவமையில அந்த எஜமான் விடியக்காலமை தொடக்கம் பின்னேரம் வரை சந்தைவெளிக்குப் போய்ப் போய் ஆள் எடுத்து, கடைசியா வந்தவனுக்கும் முழு நாள் கூலிய அண்டைக்கே பொழுதுபட எண்ணிக் கொடுக்கச் சொல்லுறான், பரலோகராஜ்யம் இதுக்கு ஒப்பாயிருக்கு எண்டு இயேசு சொல்லுறார். கூலிக்காரன்ட வீட்டில அண்டைக்கு ராத்திரி உலை வைக்கோணும் எண்டு அந்த எஜமானுக்குத் தெரிஞ்சிருக்கு. இத வச்சு ஒரு பிரசங்கம் அறுவடைக் காலத்தில ஆராச்சும் செய்வாங்களா எண்டு பாத்துட்டே இருக்கிறன்.

இப்ப கஷ்டமான கேள்விக்கு வாறன், ஏனெண்டா மட்டக்களப்பில இருந்துகொண்டு இதத் தாண்டிப் போகேலாது. ராஜ்யம் இஞ்ச வந்துட்டுது எண்டா 2004 டிசம்பர் 26 சுனாமி ஏன், நாவலடியில வீடு வீடாச் சனத்தக் கடல் கொண்டு போனதேன்? 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு காலையில சீயோன் தேவாலயத்தில குண்டு வெடிக்கேக்க, சண்டே ஸ்கூல் முடிஞ்சு வெளிய நிண்ட பிள்ளையள் என்ன பிழை செஞ்சதுகள்? இதுக்கு ஒரு வரியில பதில் சொல்லுற ஆரையும் நான் நம்ப மாட்டன். ராஜ்யம் வந்துட்டுது, இனிக் கண்ணீரே இல்ல, விசுவாசம் இருந்தா ஒண்டும் அணுகாது எண்டு பிரசங்கிக்கிறவங்க அந்தத் தாய்மாருக்கு முன்னால போய் நிண்டு அதச் சொல்லட்டும். இயேசு அப்பிடிச் சொல்லல்ல. அவர் சொன்ன வலை உவமை நம்மட கல்லடிக் கரையில நிண்டு பாத்தா ஆருக்கும் விளங்கும். கரைவலை வளைச்சாச்சு, ரெண்டு பக்கமும் ஆக்கள் கயித்தப் பிடிச்சு ஏலேலோ போட்டு இழுக்கிறாங்க, வலை இப்ப கடலுக்குள்ளதான் கிடக்கு, அதுக்குள்ள நல்ல மீனும் இருக்கு, நஞ்சுச் சொறியும் இருக்கு, ஆரோ எறிஞ்ச போத்தலும் இருக்கு. பிரிக்கிறது கரைக்கு வந்தாப்பிறகு, உட்கார்ந்து. அதுவரைக்கும் எல்லாம் கலந்துதான் வரும். ஆனா வலை போட்டாச்சு, இழுவை நடந்துகொண்டிருக்கு, அது பொய்யில்ல.

அந்தக் குண்டுவெடிப்புக்குப் பிறகு சீயோன் சபையின்ட போதகர், இதச் செஞ்சவங்கள நாங்க மன்னிக்கிறம் எண்டு வெளிப்படையாச் சொன்னவர். அண்டைக்கு நிறையப் பேருக்கு அது பிடிக்கல்ல, என்ட சொந்தக்காரரே கோவப்பட்டாங்க. அந்த நாட்கள்ல முஸ்லிம் கடைக்குப் போகாதீங்க எண்டு வாட்ஸப்ல மெசேஜ் ஓடினது ஞாபகம் இருக்கும். எங்கட வீட்டுக்கு நான் சின்னப் புள்ளையா இருந்த காலம் தொடக்கம் சைக்கிள்ல, மறுகா மோட்டார்சைக்கிள்ல மீன் கொண்டுவாற ஒரு முஸ்லிம் அண்ணன், நாங்க காக்கா எண்டு கூப்பிடுறவர், இருந்தவர், அவர் பயத்தில இந்தப் பக்கமே வரல்ல. அம்மாதான் போன் பண்ணினவ. "காக்கா, நீங்க வராம எங்களுக்கு ஆணம் காய்ச்ச மீனில்ல, நாளைக்கு வாங்க, நான் கேட்டடியில நிக்கன்" எண்டு. சொன்ன மாதிரியே நிண்டவ, ரோட்டில எல்லாரும் பாக்க நிண்டு பேரம் பேசி வாங்கினவ. அம்மாவுக்கு இறையியல் ஒண்டும் தெரியா. எதிரி எண்டு ஊர் சொல்லுற ஆள்ட கையால சாப்பாட்ட வாங்கிற தைரியம் ஆரால வருது எண்டு என்னக் கேட்டா, ராஜா ஒருத்தர் உள்ளுக்க இருந்து ஆளுறதாலதான் எண்டு சொல்லுவன்.

இத வெறும் நல்ல மனசு எண்டு சிலர் சொல்லுவாங்க, அதுக்கு ஏன் ராஜ்யம் எண்டு பெரிய பேர் எண்டும் கேப்பாங்க. பக்கத்து வீட்டு இந்து மாமிக்கும் நல்ல மனசு இருக்கு, காக்காவுக்கும் இருக்கு, அத நான் சந்தோஷமா ஒத்துக்கொள்ளுறன், கடவுள் அவங்களுக்குள்ளயும் வேலை செய்யிறார் எண்டு நம்புறன். ஆனா பயமும் கோவமும் ஊர் முழுக்க ஆளுற நேரத்தில, சொந்த சுபாவத்துக்கு எதிரா ஒரு ஆள் நடக்கிறது தானா வாறல்ல. அம்மா அந்தப் போன எடுக்க முதல் ராவெல்லாம் ஜெபிச்சவ. உம்முடைய ராஜ்யம் வருவதாக, உம்முடைய சித்தம் பூமியிலேயும் செய்யப்படுவதாக எண்டு நாம கேக்கிறது நமக்குள்ள தொடங்கட்டும் எண்டுதான், நம்மட ஆசையும் வைராக்கியமும் சிம்மாசனத்த விட்டு இறங்கோணும். அதுதான் மனந்திரும்புறது. இந்த வலியில்லாம ராஜ்யத்த அனுபவிக்கேலாது, இதயும் பிரசங்கத்தில சொல்லோணும்.

நம்மட மண்ணில முன்னம் இருந்த ஊழியக்காரருக்கு இது தெரிஞ்சிருந்தது. மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814ல மட்டக்களப்புக்கு வந்தவர், அடுத்த வருஷமே நோயில செத்துப் போனார், அந்தக் கொஞ்சக் காலத்துக்குள்ள அவர் செஞ்சது பள்ளிக்கூடம் தொடங்கினதுதான், அது இண்டைக்கும் மெதடிஸ்த மத்திய கல்லூரியா நிக்குது. ராஜ்யம் செத்தப்பிறகு மட்டும் எண்டா இஞ்சத்தப் பிள்ளையளுக்கு எழுத்துப் படிப்பிக்க என்ன அவசரம்? அமெரிக்காவில இருந்து வந்த இயேசு சபைக் குரு யூஜின் ஹெபர்ட் புனித மிக்கேல் கல்லூரியில பொடியன்களுக்கு பாஸ்கட்பால் பழக்கினவர், சண்டைக் காலத்தில காணாமப் போன ஆக்களத் தேடி அவங்கட குடும்பங்களுக்காக அலைஞ்சவர், 1990 ஆகஸ்ட் 15 வாழைச்சேனையில இருந்து மட்டக்களப்புக்குத் திரும்பி வாற வழியில கூட வந்த பொடியனோட சேத்துக் காணாமலே போயிட்டார். அவர் பரலோகத்த நம்பாமலா இருந்தவர்? நம்பினதாலதான் பூமியில அப்பிடி நடந்தார்.

இன்னொண்டையும் சொல்லிட்டு முடிக்கிறன். ராஜ்யம் எண்ட உடன சிலர் சபைக்கு ஆள் சேக்கிற கணக்கா எடுக்கிறாங்க, எத்தின ஞானஸ்நானம், எத்தின கிளைச்சபை எண்டு. சிலர் எலெக்ஷன் வந்தா நம்மட ஆள் வெண்டா ராஜ்யம் வந்த மாதிரி எண்டு கதைக்கிறாங்க. அப்பம் கொடுத்த பிறகு சனம் தன்னப் பிடிச்சு ராஜாவாக்கப் போகுது எண்டு அறிஞ்சு இயேசு தனிய மலைக்குப் போயிட்டார், யோவான் 6ல வாசிக்கலாம். கட்சி ஆக்கள் மேடைக்கு அவரக் கூப்பிடாம விட்டா நல்லம்.

ஆசிரியர் ஐயா, கடிதம் எழுதின அந்த அண்ணனுக்கு நான் சொல்லுறது இதுதான், உங்கட கேள்விய விடாதீங்க, உங்கட ஊர்ச் சேர்ச்சுக்கே போய் பாதர்ட்டயும் பாஸ்டர்ட்டயும் நேர கேளுங்க. போதகர்மாருக்கும் ஒரு வேண்டுகோள், வாற தவக்காலத்திலயாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை குழுக்கடனப் பத்தி, கூலியப் பத்தி, பொங்கல் வாங்கிறதப் பத்தி ராஜ்யத்தின்ட வசனத்த வச்சுப் பேசுங்க, பேசிப்போட்டு அந்தக் கிழமையே கடன்ல தவிக்கிற ஒரு வீட்டுக்கு சபையோட போங்க. எங்கட படுவான்கரைக் கூட்டத்தில ரெண்டாவது சீட்டு இந்த மாசம் தொடங்குது, இந்த முறை முதல் எடுக்கிறவ சேர்ச்சுக்கே வராத ஒரு பக்கத்து வீட்டு இந்துப் பொம்புளை, அதுக்கும் அந்த எழுதப் படிக்கத் தெரியாத அக்காதான் முதல்ல கை தூக்கினவ.

இப்படிக்கு,
கல்லடி வாசகி ஒருத்தி,
மட்டக்களப்பு.